கிழக்குப் பெட்டி, மேற்கு போர்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் எது பழுதானாலும் "குறடைக் கூப்பிடு" என்பார்கள். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவன் குறடு செருகியிருப்பான்; அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பதவி, பராமரிப்புப் பணியாளர் இரண்டாம் நிலை. முதல் நிலையில் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இல்லை.

நான் அங்கே மருந்து கொடுக்கிறவன். கம்பவுண்டர் என்பார்கள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவனுடைய சாமான் அறை. அதனால் அவன் செய்தது எல்லாம் எனக்குத் தெரியும். அவன் செய்யாமலே ஊரார் அவன் தலையில் கட்டுவதும் தெரியும். அவன் நல்லவன் என்பதற்காக இதை எழுத உட்காரவில்லை. என் கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு போய் ஒயர் வெட்டி, வாயைப் பிளக்க வைத்துத் திருப்பித் தந்தவன் அவன். ஆஸ்பத்திரி மெஷின் ஒன்றின் உள்சாமானை அவன் திருடி விற்றான் என்று இன்றைக்கும் டீக்கடையில் ஒருவன் கூசாமல் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் எல்லாரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் பழைய காகிதம் படிப்பதில்லை.

எங்கள் நாட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய நாடுகள், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ஆனால் நேருக்கு நேர் மோத மாட்டார்கள். இரண்டு பேர் கையிலும் பெரிய குண்டு இருக்கிறது, பயம். அதனால் நடுவில் இருக்கிற எங்களை வைத்து ஆடிக்கொள்கிறார்கள். பதினாலு வருஷமாக எங்கள் அரசாங்கத்துக்கும் மலைப்பக்கத்து ஆட்களுக்கும் சண்டை. அதில் இரண்டு நாட்டுக்கும் ஆளுக்கொரு கட்சி. துப்பாக்கி பின்வாசல் வழியாக வரும். காயத்துக்குக் கட்டும் துணி முன்வாசல் வழியாக, போட்டோக்காரருடன் வரும். முன்வாசல் வழியாக வருவதற்கு நட்புறவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிழக்கார் கடைத்தெரு முனையில் ஒரு மணிக்கூண்டு கட்டினார்கள். ஆறே மாதத்தில் மேற்கார் அதற்கு எதிரே, அதைவிட நாலு முழம் உயரமாக, இன்னொன்று கட்டினார்கள். இரண்டுக்கும் ஏழு நிமிஷ வித்தியாசம். வேலைக்கு வரும்போது ஒன்றையும் வீட்டுக்குப் போகும்போது மற்றொன்றையும் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியின் முன்சுவருக்கு மேற்கார் வெள்ளையடித்தார்கள் என்று கிழக்கார் பின்சுவருக்கு அடித்தார்கள். பக்கச் சுவர்கள் போட்டோவில் விழாது, ஆகவே பாசி பிடித்துக் கிடக்கின்றன. வராந்தாவில் இடப்பக்க ஃபேன் எல்லாம் மேற்கு, வலப்பக்கம் கிழக்கு. படுக்கை விரிப்பில் நீலக் கரை மேற்கு, பச்சைக் கரை கிழக்கு. சலவைக்காரர் ஒரு தடவை மாற்றி அடுக்கிவிட்டார் என்று இரண்டு தூதரகத்திலிருந்தும் கடிதம் வந்தது.

டயாலிசிஸ் மெஷின்களும் இப்படி வந்தவைதான். கிட்னி கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடும் மெஷின். எங்கள் ஊரில் அந்த வியாதிக்காரர்கள் ஆறு பேர். முன்பெல்லாம் தலைநகருக்குப் போய்வந்தார்கள். சண்டையில் சாலை அடைபட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேற்கார் ஒரு மெஷின் கொடுத்தார்கள். கேள்விப்பட்ட பதினெட்டாம் நாள் கிழக்கார் இன்னொன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பொறாமையால் மனிதன் பிழைத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டு மெஷினுக்கும் ஒரு தனிக் குணம் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் திரையில் கொடுத்த நாட்டின் கொடி வரும். கூடவே அந்த நாட்டுத் தேசிய கீதம் இருபது விநாடி பாடும். அதற்கப்புறம்தான் வேலை. காலை எட்டு மணிக்கு சிஸ்டர் இரண்டையும் போட்டால் இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நோயாளிகளுக்குத் தலைவலி வந்துவிடும். ஆகவே ஒற்றைப்படைத் தேதியில் மேற்கு முதலில், இரட்டைப்படைத் தேதியில் கிழக்கு முதலில் என்று சிஸ்டர் ஏற்பாடு செய்தார். முப்பத்தொன்றாம் தேதியும் மறுநாள் ஒன்றாம் தேதியும் மேற்கே முந்திக்கொண்டது என்று கிழக்குத் தூதரகம் கடிதம் எழுதியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மெஷினுக்கும் பின்மூடியில் முத்திரை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அவரவர் நாட்டு இன்ஜினியர் தவிர வேறு யாராவது திறந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து முத்திரையைப் பார்ப்பார்கள். பிறகு, மெஷினில் படுத்திருக்கும் ஒருவரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவர் குறட்டின் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் சிரிக்கிற ஆள் இல்லை.

மச்சான் வாலிபத்தில் மேற்கு நாட்டு உதவித்தொகையில் அங்கே போய் இரண்டு வருஷம் நில அளவை படித்தவர். திரும்பி வரும்போது ஒரு கோட்டு, ஒரு பேட்ஜ், ஏராளமான அபிப்பிராயம் மூன்றையும் கொண்டுவந்தார். கோட்டு கிழிந்துபோயிற்று. பேட்ஜை முப்பது வருஷமாகச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார். அபிப்பிராயம் நாளுக்கு நாள் கூடியது. அந்த ஊர் மழை மாதிரி இந்த ஊர் மழை இல்லை என்பார். மேற்கு நாட்டு நட்புறவுச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். உறுப்பினர் மொத்தம் மூன்று பேர், அவரையும் சேர்த்து. தன் தங்கை, பள்ளிக்கூடப் படிப்பு தாண்டாத ஒரு ஸ்க்ரூ திருகுகிறவனைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு ஆறாத வருத்தம். உறவு சொல்லி அவனைக் கூப்பிட்டதே இல்லை. ஊரோடு சேர்ந்து "குறடு" என்பார். குறடோ "மச்சான், மச்சான்" என்று பின்னாலேயே போவான். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

மெஷின்கள் வந்த பத்தாவது மாதம் மேற்கு மெஷினின் பம்ப் நின்றது. மேற்கு இன்ஜினியர் வர முடியாது, சாலையில் சண்டை. மற்ற ஐந்து பேரும் கிழக்கு மெஷினுக்கு வந்தார்கள். மச்சான் வரவில்லை. எதிரி நாட்டு மெஷினில் படுக்க மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டார். கால் வீங்கியது, முகம் வீங்கியது, கொள்கை வீங்கிக்கொண்டே போனது. நாலாம் நாள் தங்கை போய், "செத்துப்போனா பேட்ஜோட அடக்கம் பண்றேன், இப்ப கிளம்புங்க" என்று சொன்னதும் வந்தார். வந்து, நாலு மணி நேரமும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் மின்சாரம் எக்கச்சக்கமாக ஏறி, கிழக்கு மெஷினை ஓட்டும் சர்க்யூட் போர்டு கருகிவிட்டது. கிழக்கு இன்ஜினியரும் வர முடியாது, அதே சாலை. இரண்டு மெஷின் இருந்தும் ஒன்றும் ஓடவில்லை. இனி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று பெரிய டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்கவில்லை. ஆறு பேருக்கும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறடு வார்டிலிருந்து வெந்நீர்ப் பை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வயிற்று வலியோ என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், வெந்நீர்ப் பையை முத்திரை ஸ்டிக்கரின் மேல் வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறான். பசை இளகியதும் ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, கண்ணாடித் தாளில் ஒட்டிப் பத்திரப்படுத்தினான். இரண்டு மெஷினையும் திறந்தான். திறந்தவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டுக்கும் உள்ளே இருந்தது ஒரே சாமான். கடல் தாண்டி மூன்றாவது ஏதோ ஒரு நாட்டில் செய்தது, ஸ்க்ரூ ஓட்டை உட்பட ஒரே அளவு. பெட்டியும் கொடியும்தான் வேறு. கிழக்குப் பெட்டியில் பம்ப் நன்றாக இருந்தது. மேற்குப் பெட்டியில் போர்டு நன்றாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மேற்கு போர்டைக் கிழக்குப் பெட்டியில் மாட்டி, மூடி, முத்திரையைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டான். மோப்பம் பிடித்தாலும் தெரியாது.

திங்கட்கிழமை காலை சிஸ்டர் சுவிட்சைப் போட்டார். கிழக்குப் பெட்டியின் திரையில் மேற்குக் கொடி பளபளவென்று வந்தது. மேற்கு நாட்டுத் தேசிய கீதம் கணீரென்று பாடியது. குறடு தலையில் கை வைத்துக்கொண்டான். கொடியும் பாட்டும் எங்கே இருக்கும் என்று அவன் யோசிக்கவே இல்லை. அவை போர்டில் இருந்தன.

பாட்டை மட்டும் நிறுத்து என்று நான் சொன்னேன். ஸ்பீக்கர் ஒயரை ஒரு வெட்டு வெட்டினால் போதுமே என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இருபது வருஷம் மருந்து கொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது என்று இருந்தது. குழாயில் காற்றுக் குமிழி வந்தால் மெஷின் கத்துவதும் அதே ஸ்பீக்கரில்தான். அதை வெட்டினால் பாட்டும் நிற்கும், ஒருநாள் நோயாளியும் நிற்பார். ஆக, பாட்டு இருந்தே தீர வேண்டும். மச்சானுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். போர்டு மேற்கு என்று தெரிந்ததும் சுவரைப் பார்ப்பதை விட்டு நேராகப் படுத்தார்.

"மூளை எங்களது, உடம்பு அவங்களது" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். சிஸ்டர் வாயில் விரல் வைத்து அடக்கினார்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. கொஞ்ச நாள் சண்டை ஓய்ந்து சாலை திறந்தது. திறந்ததும் இன்ஜினியர் வரவில்லை; கிழக்கு நாட்டுத் தூதர் வருகிறார் என்று தகவல் வந்தது, டி.வி.காரர்களுடன், புதன்கிழமை. அதைக் கேட்ட மேற்குத் தூதரகம் அடுத்த செவ்வாய்க்கிழமை தாங்களும் வருவதாகச் சொன்னது. பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, தனக்கு இதுபற்றி எதுவும் தெரியாது, இனியும் தெரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிடப் போனார். சிக்கல் வரும் நாளில் எல்லாம் அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிடுவார்.

குறடு ஒரு திட்டம் போட்டான். சுவிட்சைப் போடும்போதுதானே பாட்டு வரும்? காலை ஆறு மணிக்கே போட்டுவிட்டால் பாட்டு பாடி முடிந்துவிடும். தூதர் போகும்வரை அணைக்காமல் இருந்தால் தீர்ந்தது. மின்சார ஆபீஸ் லைன்மேன் அன்று மின்வெட்டே வராது என்று வாக்குக் கொடுத்தார். புதன்கிழமை முறை மச்சானுடையது. மாற்றினால் அவருக்குத் தாங்காது. பேட்ஜை மட்டும் கழற்றச் சொன்னோம். மறுத்தார். கடைசியில் அதன்மேல் போர்வையை இழுத்துவிட சம்மதித்தார்.

தூதர் பதினொரு மணிக்கு வந்தார். தடித்த, கலகலப்பான மனிதர். எங்கள் மொழி நன்றாகவே பேசினார். மூலையில் போர்த்தி நிறுத்தியிருந்த மேற்கு மெஷினைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு திருப்தி. தங்கள் மெஷினின் முத்திரையைத் தடவிப் பார்த்து "பிரமாதம்" என்றார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது டி.வி.காரர்கள் தங்கள் பெரிய விளக்குகள் இரண்டையும் வார்டின் ப்ளக்கில் செருகினார்கள். குறடு "சார், அது வேணாம்" என்று ஓடுவதற்குள் டப் என்றது. வார்டு முழுக்க மின்சாரம் போனது. விளக்கு, ஃபேன், மெஷின் எல்லாம் நின்றன. மெஷினின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது.

மச்சானின் ரத்தம் குழாய்க்குள் நின்றுவிட்டது. சிஸ்டர் உடனே பம்பின் கைப்பிடியைப் பிடித்துக் கையால் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினால் பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் போனால் ரத்தம் உறையும். சுவிட்ச் பெட்டி கதவோரம் என் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் மின்சாரம் வரும். மின்சாரம் வந்தால் பாட்டும் வரும்.

அவர்கள் வெளியே போகட்டும், அப்புறம் போடு என்று பெரிய டாக்டர் குறட்டின் காதைக் கடித்தார். ஆனால் தூதர் போகிற வழியாக இல்லை. அரை இருட்டிலேயே கட்டில் பக்கத்தில் நின்று டி.வி.காரர்களுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்று நிமிஷம் ஆயிற்று. சிஸ்டரின் நெற்றியில் வியர்வை ஓடியது. குழாயில் ரத்தம் கறுத்துக்கொண்டு வருவது எனக்கே தெரிந்தது.

"குழாயில நிக்கறது என் மச்சான் ரத்தம், சார்" என்றான் குறடு. விளக்குகளின் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு சுவிட்சைத் தள்ளினான்.

ஃபேன் சுற்றியது. மெஷினும் விழித்துக்கொண்டது. சிஸ்டர் புத்திசாலி, ரத்த அழுத்த சார்ட்டோடு திரையின் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டார். கொடி மறைந்தது. பாட்டை எதைக்கொண்டு மறைப்பது? கிழக்கு நாடு அன்பளித்த மெஷின், கிழக்குத் தூதரின் முன்னால், மேற்கு நாட்டுத் தேசிய கீதத்தை நெஞ்சை நிமிர்த்திப் பாட ஆரம்பித்தது. தூதரின் சிரிப்பு அப்படியே நின்றது. பெரிய டாக்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசையைப் பார்த்தார். ஆறு பேர் கதையும் முடிந்தது என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

மச்சான் போர்வைக்குள் கைவிட்டுத் தன் செல்போனை எடுத்தார். ஊசி குத்தாத கையால் அதை உயரத் தூக்கி, பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். பாட்டு முடியும் வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"மன்னிக்கணும். என் போன்தான். அணைக்கவே மாட்டேங்குது" என்றார். பிறகு தானாகவே போர்வையை விலக்கி, பேட்ஜைக் காட்டினார். "முப்பது வருஷமா நான் அவங்க ஆளு."

தூதர் பேட்ஜைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், குழந்தைகள் வார்டு வரை கேட்டிருக்கும். எதிரியின் விசுவாசி தங்கள் மெஷினில் உயிர் பிழைத்துக்கொண்டிருக்கிறான். இதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்? மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார், கேமராவைக் கிட்டே வரச்சொன்னார், இந்த மெஷினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். மச்சான் தொண்டையைச் செருமினார். இந்த மெஷின் இல்லாவிட்டால் நான் இல்லை என்றார். அது பொய்யே இல்லை. அப்புறம் முன்பு அவர் செய்ததாக எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு காரியம் செய்தார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமைக்குள் போஸ்டராகிக் கடைத்தெருவில் ஏறிவிட்டது. மச்சானின் முகம், பக்கத்தில் கிழக்குக் கொடி, கீழே "நேற்று அவர்கள் நண்பர், இன்று நம் நண்பர்" என்று எழுத்து. மேற்கு மணிக்கூண்டின் தூணில் மட்டும் மூன்று ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மேற்குத் தூதரகத்திலிருந்து மச்சானுக்குக் கடிதம் வந்தது. சங்கத்திலிருந்து பெயர் நீக்கம், பேட்ஜை உடனே திருப்பி அனுப்பவும். அவர் தானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் பேட்ஜைக் கவருக்குள் போட்டு அனுப்பிவிட்டு வந்தார். சட்டையில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தன. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்தார் என்று குறட்டின் மனைவி வந்து என்னிடம் அழுதாள். அந்த பேட்ஜை நான் கேலி செய்யாத நாள் இல்லை. அது இல்லாமல் அவரைப் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மேற்குத் தூதரகத்து அம்மாள் வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிய அம்மாள். வரும் வழியில் போஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகத்தில் அது தெரிந்தது. தங்கள் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். குறடு அதற்குள் ஒரு ஃபேனும் இரண்டு பல்பும் வைத்திருந்தான். சுவிட்சைப் போட்டதும் விர்ரென்று சத்தம் வந்தது, பச்சை விளக்கு எரிந்தது. கொடியும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. பாட்டு எங்கே என்று அம்மாள் கேட்டார். ஸ்பீக்கர் கோளாறு என்றான். அப்படியானால் ஒரு நோயாளியைப் படுக்கவைத்து என் கண்முன்னால் ஓட்டு என்றார். அவன் சட்டைப்பைக் குறடை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினான்.

அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த குறட்டின் மனைவி தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"அதுல ஒண்ணுமில்லம்மா, வெறும் ஃபேன்தான்" என்றாள். "உங்க போர்டு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அதுலதான் எங்கண்ணன் உசிர் ஓடுது. வேணும்னா கழட்டிட்டுப் போங்க. அவர் இங்கதான் உக்காந்திருக்கார், அவர்கிட்டயே சொல்லிட்டுக் கழட்டுங்க."

அம்மாள் மெதுவாகத் திரும்பினார். முத்திரையைப் பிரித்தது யார் என்று கேட்டார். குறடு முன்னால் வந்தான். அவனுக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெரிய டாக்டர் அதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் பேசினார். இன்னும் ஊசி குத்தவில்லை. கால் இரண்டும் தூண் போல வீங்கியிருந்தன.

"நான்தான் பிரிக்கச் சொன்னேன்" என்றார். அதுவும் பொய். அவருக்கு ஒரு வாரத்தில் இது இரண்டாவது. "இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. படிக்காதவர்னு இருபது வருஷமா இவர்கூட ஒரு நாள் உக்காந்து சாப்பிட்டதில்ல நான். உங்க இன்ஜினியரும் வரல, அவங்க இன்ஜினியரும் வரல. இவர்தான் வந்தார். போர்டு உங்களுது, எடுத்துக்குங்க. ஆனா இவர் திருடினார்னு மட்டும் எழுதாதீங்கம்மா."

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார். போஸ்டரில் இருப்பது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் மச்சான். அந்தப் பெட்டியைப் போட்டுக் காட்டுங்கள் என்றார் அம்மாள். சிஸ்டர் சுவிட்சைப் போட்டார். கிழக்குப் பெட்டியில் மேற்குக் கொடி வந்தது, பாட்டும் வந்தது. அம்மாள் பழக்கதோஷத்தில் கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். சிஸ்டரும் நானும் ஏனென்று தெரியாமலே நின்றோம். மச்சான் மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் அதைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் ஃபைலைத் திறந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், அது என் கெட்ட பழக்கம். "நமது உபகரணம் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதியிருந்தார். பையிலிருந்து புது முத்திரை ஒன்றை எடுத்து, ஃபேன் மட்டும் இருக்கும் அந்தப் பெட்டியின் பின்மூடியில் நேராக ஒட்டினார். இதை யாரும் திறக்கக் கூடாது என்று குறட்டிடம் கண்டிப்பாகச் சொன்னார். திறக்க மாட்டேன் என்று அவனும் சத்தியம் செய்தான். ஜீப்பில் ஏறும்போது, சாலை திறந்திருக்கும்போதே ஒரு பம்ப் அனுப்பப் பார்க்கிறேன் என்றார். சாலை மறுநாளே அடைபட்டது.

ஜீப் போனதும் குறடு அழுதான். மறைவாகப் போய் அழுகிற கூச்சமெல்லாம் அவனுக்கு இல்லை. வராந்தாவில், மேற்கு ஃபேனுக்கும் கிழக்கு ஃபேனுக்கும் நடுவில் நின்று, மருந்துக்கு வரிசையில் நின்ற முப்பது பேர் பார்க்க, வாய்விட்டு அழுதான். மெஷின் தப்பியதற்கா, ஜெயில் தப்பியதற்கா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். "மாப்பிள்ளைன்னார்ல" என்றான். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க, என் கத்திரிக்கோலைப் பற்றி அவனை நன்றாகத் திட்டினேன்.

உள்ளே சிஸ்டர் ஊசி குத்தி மெஷினை ஓட்டிவிட்டிருந்தார். மச்சானின் ஒரு கை நீட்டியபடி இருந்தது. தங்கை தூக்குப் பாத்திரத்தைத் திறந்து ஒரு தட்டில் போட்டாள். அவர் இன்னொரு தட்டும் கொண்டுவரச் சொன்னார். இன்னொன்று இல்லை என்றாள். அப்படியானால் ஸ்டூலைக் கிட்டே போடு என்றார். குறடு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மச்சான் தட்டை நடுவில் தள்ளினார்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. எனக்கு உப்பு சேரக் கூடாது, அதனால சப்புன்னுதான் இருக்கும்" என்றார்.

குறடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான்.